அப்பாவின் வாய்த்துணி

உருத்திரபுரம்,
புரட்டாதி இரண்டாம் சனி

அன்பு மகன் நிருஷனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், மாடுகள் சுகம், கிணற்றடித் தேசி மரம் சுகம், அப்பாவும் கீழ் உதட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் சுகம். அங்கே நீ தலை முதல் கால்வரை ஒரு இடமும் விடுபடாமல் சுகமாயிருக்க ஐயனார் துணை. இந்தக் காலத்தில் அம்மா என்னத்துக்குக் கடதாசி எழுதுகிறா என்று யோசிப்பாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்துக் கதிரையில் வந்து குந்திவிடுவார், நான் ஒரு வசனம் சொல்ல அவர் அதைத் திருத்துவார், கடைசியில் நீ வேலைக்கு நேரமாச்சுது என்பாய். கடதாசி என்றால் அவர் முதலில் கண்ணாடியைத் தேட வேண்டும், அது கிடைக்கமுன் நான் ஒட்டிவிடுவேன். லீவில் ஊருக்கு வந்து நிற்கிற சுமன் வருகிற கிழமை பிரான்சுக்குத் திரும்புகிறானாம், மிளகாய்த்தூளோடு இதையும் அவனிடம் கொடுத்து விடுகிறேன். தூள் பை உடைந்து கடதாசி சிவந்திருந்தால் வாசிக்கும்போது கண்ணைக் கசக்காதே. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எங்கேயாவது கொம்பு விசிறி குறைந்தால் நீயே போட்டு வாசி.

கோயிலுக்குப் பெரிய மணி ஒன்று வாங்கித் தரப்போகிறேன் என்று போன முறை சொன்னாய் அல்லவா, அதற்காகத்தான் எழுதுகிறேன். அப்பா வாய் கட்டி நேர்த்தி இருந்ததால்தான் உனக்குப் பிரான்சில் இருக்கிறதுக்கு விசாக் காட் கிடைத்தது என்று நீ போனில் அழுதாய், நீ அழுததைப் பார்த்து நானும் அழுதேன், அப்பா மட்டும் எழும்பி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். மணிக்குச் சொல்லமுன் இந்தக் கடதாசியை முழுக்க வாசி. அந்த நேர்த்தி உனக்காக இருந்ததில்லை மோனே. ஐயனாருக்காகவும் இல்லை. சுருட்டுக்காக இருந்தது.

வைகாசிப் பொங்கலுக்குப் பூசாரி வாய் கட்டுவது உனக்குத் தெரிந்த விசயம்தானே. மூச்சும் எச்சிலும் படையலில் படக்கூடாதென்று மூக்குக்குக் கீழே வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு பொங்குவார், பூசை முடிந்ததும் அவிழ்த்துவிட்டு எங்களோடு இருந்து சாப்பிடுவார். இந்த வருசம் எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவியும் எங்கள் பூசாரி, அதுதான் உன் அப்பா, அவிழ்க்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அவிழ்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன், கையால் வானத்தைக் காட்டினார். நான் நிமிர்ந்து பார்த்தேன், ஒரு கொக்குப் போனது. கொக்கைப் பற்றி என்னவோ சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நான் போய்ப் படுத்துவிட்டேன். விடிய, கோயில் தலைவர் மயில்வாகனம் அண்ணை வந்து படலையில் நின்றபடி, "என்ன யோகன், நேர்த்தியோ" என்று கேட்டார், அப்பா தலையாட்டினார். "பெடியன்ரை காட்டுக்கோ" என்று அவரே அடுத்ததையும் கேட்டார், அப்பா அதற்கும் தலையாட்டினார். தான் பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று இன்றைக்கும் வழக்குப் பேசுகிறார். பொழுதுபட முன்னம் ஊர் முழுக்கக் கதை போய்விட்டது, எதிர்வீட்டு மீனம்மா ஒரு செம்பு பால் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனா. நானும் நம்பினேன், ஒளிப்பானேன். கலியாணம் கட்டின நாளில் இருந்து அந்த வாய் மூடியிருந்ததை நான் கண்டதில்லை, தானாகக் கிடைத்த நிம்மதியைக் கேள்வி கேட்டுக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டேன்.

சாப்பாடு மட்டும் குசினிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு. சுவரைப் பார்த்தபடி குந்தியிருந்து சாப்பிட்டுவிட்டு, திரும்பக் கட்டிக்கொண்டுதான் வெளியில் வருவார். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு தின்கிற மனுசன் உறைப்பு வேண்டாம், பாற்கஞ்சி போதும் என்று கையால் காட்டினார். விரதம்தானே என்று நானும் காய்ச்சிக் கொடுத்தேன். ஒருநாள் அந்திப் பூசையில் எறும்பு வரிசையாக அவருடைய கழுத்தில் ஏறித் துணிக்குள் போனது, மனுசன் அசையவில்லை, தீபம் காட்டிக்கொண்டு நின்றார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடினது. எறும்புகூட அருள் தேடி வருகிறது என்று சனம் கையெடுத்துக் கும்பிட்டது. பிறகு தெரிந்தது, பொரித்த வெண்காரத்தைத் தேனில் குழைத்து உதட்டில் பூசிவிட்டு அதற்குமேல் துணி கட்டியிருக்கிறார். எறும்பு தேனுக்கு வந்தது. அருளுக்கு வந்தது மீனம்மாதான். தன் மகளுடைய பாஸ்போட்டைக் கொண்டுவந்து அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, ஒருக்கால் பாருங்கோ என்று நின்றா. அப்பா பாஸ்போட்டைத் திறந்து படத்தைப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார். அதற்கு மேல் அவர் என்ன செய்ய.

பிறகு ஆனியில் உனக்குக் காட் கிடைத்ததோடு கதை முற்றிவிட்டது. நேர்த்தி பலித்துவிட்டது, துணியைக் கோயிலில் வைத்து எல்லாருக்கும் முன்னால் அவிழ்ப்போம், மேளமும் பிடிப்போம் என்று மயில்வாகனம் அண்ணை நாள் பார்க்க வந்தார். எல்லாருக்கும் முன்னால் என்றதும் அப்பாவின் முகத்தில் துணியில்லாத பக்கமும் வெள்ளையாகிவிட்டது. இன்னும் காலம் இருக்கு என்று கையால் காட்டி அனுப்பினார். தன் பெடியனுக்குக் கிடைத்த பிறகும் ஊருக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறார் என்று சனம் அதற்கும் ஒரு படி கூட்டிக் கும்பிட்டது. அதற்குப் பிறகு வயலுக்குப் போனால்கூடச் சின்னப் பிள்ளைகளைத் திருநீறு போடக் கொண்டு வந்தார்கள்.

எனக்குப் பிடிபட்டது துணி தோய்க்கும்போதுதான். கோயில் துணி கர்ப்பூரம் மணக்கும், சாம்பிராணி மணக்கும். இது சுருட்டு மணத்தது. முதல் நாள் என் மூக்கைக் குறை நினைத்தேன். அடுத்த நாளும் மணத்தது, நடுவில் மஞ்சளாக ஒரு கறை, அதன் கரையில் பொட்டு இரத்தம். துணியை அப்படியே வாளிக்குள் போட்டுவிட்டுப் போய்க் குசினிக் கதவைத் தள்ளினேன். அப்பா கஞ்சிக் கோப்பையோடு திரும்பினார். கடைவாய் இரண்டும் வெடித்து, தயிரேடு மாதிரி வெள்ளை படிந்திருந்தது. கீழ் உதட்டில் வலப்பக்கம், சுருட்டுக் குந்துகிற அதே இடத்தில், சுவரில் சுண்ணாம்பு திரண்ட மாதிரித் தடிப்பாக ஒரு வெள்ளை. கையில் கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. என்னைப் பெத்த ஐயாவுக்கும் உதட்டில் இப்படி ஒரு வெள்ளையில்தான் தொடங்கியது, அது இடம்பெயர்ந்து ஓடின காலம், ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் இருக்கிறதென்றே தெரியாது, பிறகு நடந்தது உனக்கு நான் சொல்லியிருக்கிறேன். ஆகையால் அப்படியே அடுப்படியில் குந்திவிட்டேன். அப்பா நான் மயங்கிவிட்டேன் என்று நினைத்துத் தன் கஞ்சியை எனக்குப் பருக்க வந்தார்.

பிறகுதான் வாய் திறந்தார். பூசாரி வேலை எடுக்கும்போது கர்ப்பூரத்தில் அடித்துச் சத்தியம் பண்ணி விட்ட சுருட்டை, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற குளத்துத் துருசுக்குப் பின்னால் நின்று பத்திக்கொண்டுதான் இருந்தாராம். பொங்கலுக்கு முன்னமே உதடு வெடித்துவிட்டதாம். வாயில் புண் உள்ளவன் படையலுக்குக் கிட்டப் போகக்கூடாது என்பது கோயில் வழக்கம், புண் எப்படி வந்தது என்று கேட்டால் சுருட்டும் வெளியில் வரும். "துணி மறைச்சுது நாகேஸ், நான் என்ன செய்ய, அது வசதியாப் போச்சு" என்றார். துணிக்கு மேலால் திருநீறு, துணிக்குக் கீழால் சுருட்டு, அதை எப்படிப் பத்தினீங்கள் என்று கேட்டேன். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிப் பத்தலாமாம். செய்து காட்டவும் வெளிக்கிட்டார்.

மற்ற நாள் காலமை பஸ்ஸில் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வெறும் வாயோடு வர மாட்டேன் என்று துணியோடுதான் வந்தார். பஸ்ஸில் இரண்டு பேர் எழும்பி இடம் கொடுத்தார்கள், சாமியாரின் பெண்சாதி என்று எனக்கும் ஒரு இருக்கை கிடைத்தது, அந்த மட்டில் இலாபம். வாய் பார்க்கிற டொக்டர் மேனுகா என்று ஒரு பிள்ளை, நெளுக்குளத்துப் பிள்ளையாம், உன் வயதுதான் இருக்கும். அப்பாவைப் பார்த்ததும், "ஐயா, கொரோனா முடிஞ்சு கனகாலம், அவிழுங்கோ" என்றது. ஊர் முழுக்கக் கும்பிட்ட துணியை அந்தப் பிள்ளை ஒரு விரலால் தூக்கிக் குப்பை வாளிக்குள் போட்டது. பிறகு பஞ்சுத் துணி ஒன்றால் உதட்டைத் துடைத்தது. கடைவாயில் இருந்த வெள்ளை துடைக்கத் துடைக்கப் போய்ச் சிவப்பாகக் கிடந்தது. உதட்டில் இருந்த வெள்ளை போகவில்லை. துடைத்தால் போகிறது பூஞ்சணம், போகாமல் நிற்கிறதைத்தான் நாங்கள் பார்க்க வேண்டும் என்றது. பாண் துண்டில் பூக்கிற மாதிரி மனுசனிலும் பூஞ்சணம் பூக்குமோ என்று கேட்டேன். ஈரமும் இனிப்பும் மூடியும் கிடைத்தால் எங்கேயும் பூக்குமாம். அப்பா மூன்றும் கொடுத்திருக்கிறார். சுகர் பார்த்தார்கள், அதுவும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, மீனம்மா வைத்த பாலுக்கெல்லாம் சீனி போட்டுக் குடித்தது எங்கே போகும்.

பூசுகிற மருந்து தந்து, துணி கட்டக்கூடாது, தேன் பூசக்கூடாது, சுருட்டை நினைக்கவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைவாய் நன்றாய் மாறிவிட்டது. உதட்டு வெள்ளை மாறவில்லை. திரும்பப் போக, விறைப்பு ஊசி போட்டு ஒரு மிளகளவு சதை எடுத்து, தையல் போட்டு, சதையைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். மறுமொழி வருமட்டும் அப்பா வீட்டுக்குள்ளேயே இருந்தார். உள்ளே இருந்து தவம் செய்கிறார் என்று மயில்வாகனம் அண்ணை சனத்துக்குச் சொன்னாராம். தவம் என்னவென்றால், துருசைத் திறந்து பூட்டுகிற விதத்தை எனக்குச் சொல்லித் தந்தார், எந்த வரம்பால் தண்ணீர் கசியும் என்று சொன்னார், கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் போட்டார், நான் கேட்காமலே வேலி அடைத்தார். அவர் கேட்காமல் வேலி அடைத்தால் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள், தன் சைக்கிளை ஆருக்குக் கொடுக்க வேண்டும் என்று தொடங்கினார். அந்தச் சைக்கிளை ஓசிக்கும் ஒருவரும் எடுக்க மாட்டார்கள், ஆகையால் நீங்களே இருந்து ஓட வேண்டியதுதான் என்று சொன்னேன். சிரித்தார், தையல் இழுத்தது, பிறகு சிரிக்கப் பண்ணாதே என்று என்னோடு கோபித்தார். நீ அந்த நாட்களில் போன் எடுத்தபோதெல்லாம் நான் சிரித்துக் கதைத்தேன் அல்லவா, போனை வைத்துவிட்டு மாட்டுக் கொட்டிலுக்குள் போய் நின்றுவிட்டு வருவேன். மாடு ஒருவருக்கும் சொல்லாது.

மறுமொழி ஆவணியில் வந்தது. கடதாசியைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை முதலில் அப்பாவைக் கதிரையில் இருக்கச் சொன்னது, இருக்கச் சொன்னதும் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது, எனக்கும்தான். ஆனால் பிள்ளை சொன்னது இதுதான். இது புற்றுநோய் இல்லை. புற்றுநோய்க்கு முன்னால் வருகிறது. சதை தன் குணத்தை மாற்றத் தொடங்கியிருக்கிறது, விட்டால் அந்தப் பக்கம் போகும், இப்போதே பிடித்தால் நிற்கும். சுருட்டுச் சூடும் வெயிலும் சேர்ந்து செய்த வேலை என்றது, கீழ் உதடு எப்போதும் வெயிலைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறது. அப்பா விளங்காதது மாதிரி முழித்தார். நாற்றுமேடையில் கோரை கண்ட மாதிரி என்று நான் சொல்லிக் கொடுத்தேன். "ஓம் அம்மா, வேர் ஓட முன்னம் பிடுங்கிறது" என்று பிள்ளையும் சொன்னது. மிச்ச வெள்ளையையும் மற்றக் கிழமை வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது உதட்டில் ஒரு சின்னக் கோடு. இனி ஒழுங்காகப் போய்க் காட்ட வேண்டும், ஒரு தவணையும் விடக்கூடாது, திரும்பி வரக்கூடிய சாமான் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இனி மணிக் கதைக்கு வருகிறேன். சிறுபோக நெல்லு வெட்டு முடிந்து, போன கிழமை புது அரிசியில் பொங்குகிற புதிர்ப் பொங்கல். பூசாரி வாய் கட்ட வேண்டும். அப்பா வெறும் வாயோடு போய்க் கோயில் வாசலில் நின்றார். மேளக்காரன் ஒரு பக்கம், சனம் ஒரு பக்கம், மீனம்மா முன் வரிசையில். மயில்வாகனம் அண்ணை, "என்ன யோகன், ஆரைக் கேட்டு அவிழ்த்தனீ" என்றார். அப்பா எல்லாவற்றையும் சொன்னார். சுருட்டுச் சொன்னார், துருசுச் சொன்னார், தேன் சொன்னார், நேர்த்தி இல்லை என்றும் சொன்னார். "பெடியனுக்குக் காட் குடுத்தது பிரான்ஸ் அரசாங்கம் அண்ணை, நான் இல்லை" என்றார். உதட்டை விரலால் மடித்துக் கோட்டையும் காட்டினார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன், ஓட வேண்டி வந்தால் எந்தப் பக்கத்தால் ஓடுவது என்று பார்த்து வைத்துக்கொண்டு. அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு மயில்வாகனம் அண்ணை வாயிலிருந்த வெற்றிலையை ஓரமாய்த் துப்பினார், தன் கீழ் உதட்டை இரண்டு விரலால் பிடித்து மடித்தார், கிட்ட வந்தார். "தம்பி, இதிலை ஒரு வெள்ளை கிடக்கு, இது அதுவோ, வெத்திலைச் சுண்ணாம்போ" என்று மெல்லமாய்க் கேட்டார். "துடைச்சுப் பாருங்கோ அண்ணை" என்றார் அப்பா. துடைத்தார். ஒரு பாதி போனது, ஒரு பாதி போகவில்லை.

அதற்குப் பிறகு பூசை ஆர் செய்கிறது என்ற பிரச்சினை. பொய் சொன்னவன் பொங்கக்கூடாது என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. அப்ப சுருட்டும் வெற்றிலையும் தொடாத வாய் உள்ள ஆள் ஒருவர் முன்னுக்கு வரட்டும் என்று மயில்வாகனம் அண்ணை சொன்னார். தேடிப் பார்த்தால் அந்தக் கோயிலடியில் சுத்தமான வாயோடு நின்ற ஆம்பிளைகள் ஐயனாரும் அவருடைய குதிரையும்தான். ஆகையால் அப்பாவே பொங்கினார். டொக்டர்ப் பிள்ளையிடம் முன்னமே கேட்டு வைத்திருந்தேன், அவித்துக் காயவைத்த புதுத் துணி, பானை இறக்கும் வரைக்கும் மட்டும் என்றால் கட்டலாம் என்று சொன்னது. பானை இறங்கினதும் நானே போய் எல்லாருக்கும் முன்னால் முடிச்சை அவிழ்த்தேன். மேளக்காரனுக்கு என்ன விளங்கினதோ, அடித்தான். இரண்டு நாள் கழித்துத் தையலைக் காட்டக் கிளிநொச்சிக்குப் போக பஸ் ஏறினால், உள்ளே எங்கள் ஊர் ஆம்பிளைகள் அரைவாசிப் பேர். ஆளாளுக்கு யூரியா வாங்கப் போகிறோம் என்று சொன்னார்கள். எல்லாரும் வாய் பார்க்கிற இடத்தில்தான் இறங்கினார்கள். இந்த முறை எனக்கு ஒருவரும் இடம் தரவில்லை. மயில்வாகனம் அண்ணைக்கும் சதை எடுத்திருக்கிறது, மறுமொழி இன்னும் வரவில்லை, மனுசன் வேலி அடைக்கத் தொடங்கியிருக்கிறார், அவருக்காகவும் ஒருக்கால் கும்பிடு.

இதை எல்லாம் உனக்கு எழுதப் போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். பெடியன் மனம் நோவான் என்றார். நேர்த்தி என்று நம்பி அழுத பிள்ளைக்கு இல்லை என்று சொல்லலாமோ என்றார். பிறகு வெளியில் போய், திரும்பி வந்து, உனக்குச் சொல்லச் சொல்லி ஒன்று சொன்னார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "துணி கட்டினது அவனுக்காக இல்லை எண்டு எழுது. ஆனா வாயைக் கட்டின பிறகு வேறை வேலை இல்லைத்தானே, கும்பிட்டது முழுக்க அவனுக்காகத்தான் எண்டும் எழுது." எழுதிவிட்டேன்.

மணி வேண்டாம் மோனே. உதட்டுக்குப் பூசுகிற, வெயில் தாங்குகிற கிறீம் ஒன்று இருக்கிறதாம், டொக்டர்ப் பிள்ளை சொன்னது, அதைத்தான் அனுப்பு. இங்கே வாங்கினது முடியப் போகிறது. வயலுக்கு வெளிக்கிட முன்னம் கண்ணாடிக்கு முன்னால் நின்று பூசுகிறார், கலியாணத்தன்றுகூட அந்த மனுசன் இவ்வளவு நேரம் கண்ணாடி பார்க்கவில்லை. மீனம்மா அவருக்கு லிப்ஸ்ரிக் மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டா. மகளின் பாஸ்போட்டை இன்னும் ஒருக்கால் பார்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டும் இருக்கிறா, உண்மை தெரிந்த பிறகும். நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிருக்குள் காதை மூடு, அங்கே வாங்கும் கோழியை நன்றாக அவியவிடு. கடைசியாய் ஒன்று. போன மாதம் வீடியோவில் கதைக்கும்போது உன் முகத்துக்கு முன்னால் புகை போனது, கேட்க, தேத்தண்ணியில் வாற ஆவி அம்மா என்றாய். ஆவியை ஒருவரும் விரலால் தட்டிச் சாம்பல் விழுத்துவதில்லை. வருகிற ஞாயிறு போன் எடுக்கும்போது வெளிச்சத்தில் இருந்து எடு. முதலில் அப்பா தன் உதட்டை மடித்துக் காட்டுவார், பிறகு நீ காட்டு, அதற்குப் பிறகுதான் சுகம் விசாரிப்பு.

ஐயனாரும், வயலும், குளமும் உன்னோடு நிற்கும். நீ நெடுங்காலம் வாழ்ந்து, சுருட்டு மணக்காத வாயால் உன் பிள்ளைகளைக் கொஞ்ச வேண்டும்.

இப்படிக்கு,
துணி தோய்த்துக் கண்டுபிடித்த உன் அம்மா,
யோ. நாகேஸ்வரி

அப்பா கண்ணாடியைக் கண்டெடுத்துவிட்டார். வாசித்தார். திருத்த ஒன்றும் இல்லையாம்.